லித்தியத்துக்கு ஏன் -3.04 வோல்ட்?

தம்பி, அயனியாக்கும் ஆற்றல் (அணுவில இருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்) லித்தியத்துக்கு மோலுக்கு 520 கிலோஜூல், சோடியத்துக்கு 496, அப்போ சோடியம்தானே ஈசியா எலக்ட்ரானை விடணும், ஏன் திட்ட மின்முனை அழுத்தம் (தண்ணியில உலோகம் எவ்வளவு ஈசியா எலக்ட்ரானை விடும்னு காட்டுற அளவு, மைனஸ்ல கூடக் கூட ஈசி) லித்தியத்துக்கு -3.04 வோல்ட், சோடியத்துக்கு -2.71னு கேட்டிருக்கீங்க. நீங்க பார்த்தது நடுப்படி மட்டும்தான். அந்த 520 தனியா இருக்கிற வாயு அணுவுக்கு, ஆனா மின்முனையில இருக்கிறது திட உலோகம், அயனி போய்ச் சேர்றது தண்ணிக்குள்ள, அதனால மூணு படியையும் கூட்டிப் பாக்கணும்.

திட உலோகத்துல இருந்து அணுவைப் பிரிக்க லித்தியத்துக்கு சுமார் 159, சோடியத்துக்கு 107. இதுலயும் லித்தியத்துக்குத்தான் செலவு ஜாஸ்தி. ஆட்டத்தையே மாத்துறது நீரேற்ற ஆற்றல், லித்தியம் அயனி ரொம்பக் குட்டி, தண்ணி மூலக்கூறுங்க கிட்ட வந்து கெட்டியா ஒட்டிக்கும், சுமார் 520 வெளிய வந்துடும், சோடியத்துக்கு 406தான். கூட்டிக் கழிச்சா மொத்தச் செலவு லித்தியத்துக்கு 159, சோடியத்துக்கு 197, அதனால லித்தியம்தான் ஈசியா எலக்ட்ரானை விடுது! வித்தியாசம் 38, அதை 96.5ஆல (கிலோஜூலை வோல்ட்டா மாத்துற ஃபாரடே மாறிலி) வகுத்தா 0.39 வோல்ட், நிஜத்துல 0.33, மிச்சத்துல பெரும்பங்கு என்ட்ரோப்பி (ஒழுங்கின்மையோட அளவு) மாறுறதால வர்றது.

அப்புறம் தண்ணியில போட்டா சோடியம்தானே வேகமா ரியாக்ட் ஆகுதுன்னு குழம்பிடாதீங்க, அது வேகத்தோட விஷயம், சோடியம் 98 டிகிரியிலயே உருகிப் பரவிடும், லித்தியம் உருக 180 வேணும்.