ஒரே போன், விட்டுவிட்டு வரும் நெட்: வகுப்பில் என்ன செய்யலாம்?

கேள்வி, பாம்பன் பக்கம் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியருடையது: கையில் ஒரு போன், ஒரு பழைய லேப்டாப், நெட் நிலையில்லை. இலவசமாக எதைப் பயன்படுத்தலாம்?

முதலில் ஃபெட் (PhET): திரையில் தொட்டு மாற்றிப் பார்க்கும் அறிவியல் சோதனைகள் உள்ள இலவசத் தளம். கொலராடோ பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கியது. பல பாடங்கள் தமிழிலும் உண்டு. வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் நெட் தேவையில்லை. அதில் மிதப்புப் பாடத்தைத் திறந்து, கட்டையின் நிறையைக் கூட்டச் சொல்லுங்கள். கட்டை மெல்ல அமிழும், நீர்மட்டம் ஏறும். வள்ளத்தில் ஏறிப் பழகிய பிள்ளைகள் அடர்த்தியை உங்களுக்கே விளக்குவார்கள்!

அப்புறம் விண்டி. கடலுக்குப் போகிறவர்கள் காற்று பார்க்கும் அதே தளம்தான். ஜூனில் ஒரு ஸ்கிரீன்ஷாட், டிசம்பரில் ஒன்று எடுத்து வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது கச்சான் (மேற்குப் பக்கக் காற்று), எது வாடை (வடக்குப் பக்கக் காற்று) என்று கேளுங்கள். பருவக்காற்றுப் பாடம் பாதி முடிந்தது. பழைய தேதியின் காற்றை இலவசக் கணக்கில் பின்னால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றன்றே எடுத்துவிடுவது நல்லது.

பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடுகளும் இருக்கின்றன. அவற்றில் திறக்கும் வீடியோவை முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வினாடி வினா செயலிகளை இப்போதைக்கு விடுங்கள். ஆளுக்கொரு போன் இல்லாத வகுப்பில் சிலேட்டே வேகம்.