விட்ட இடத்திலிருந்து நடந்தால் செல்லுமா?

வணக்கம் அக்கா. மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பெசன்ட் நகர் மாதா கோவிலிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டேன். முடிந்தது, நன்றாக இருக்கிறாள். ஆனால் ஆபீசில் பத்துப் பன்னிரண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைக்காது. அதனால் சனிக்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறி, போன வாரம் விட்ட இடத்தில் இறங்கி, நாள் முழுக்க நடந்து, ராத்திரி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஞாயிறும் அப்படியே. இப்போது மரக்காணம் வரை வந்திருக்கிறேன். “நேர்த்திக்கடனைத் தவணையில் கட்டுறியா?” என்று சித்தப்பா திட்டுகிறார். ஸ்பெயினில் சந்தியாகோ பேராலயத்துக்கு யாத்திரையாக நடப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு வாரம் என்று பிரித்து நடக்கிறார்களாமே? நான் செய்வது செல்லுமா? எந்த ஷூ நல்லது?

அ., பள்ளிக்கரணை

தம்பி,

மனைவி நன்றாக இருக்கிறார் என்று படித்ததும் மனசு நிறைந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஷூ என்றால் காலுக்கு ஏற்கெனவே பழகியது எதுவோ அதுதான், இதற்கென்று புதிதாக வாங்காதீர்கள். சித்தப்பாவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். செல்லுமா என்றால், செல்லும். சந்தியாகோ பாதையைப் பிரெஞ்சு எல்லையிலிருந்து தொடங்கினால் 780 கிலோமீட்டர் வரும். அதைப் பல வருஷமாகப் பிரித்து நடக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு, கடைசி 100 கிலோமீட்டரை நடந்து, வழியெல்லாம் முத்திரை வாங்கிக்கொண்டு போனால் பேராலயத்தின் யாத்ரீகர் அலுவலகத்தில் சான்றிதழே தருகிறார்கள். ஜப்பானில் சிகோகு தீவின் 88 கோவில்களை, சுமார் 1,200 கிலோமீட்டரை, துண்டு துண்டாக நடந்து முடிப்பதும் ஏற்றுக்கொண்ட வழக்கம்தான். போதுமா?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. ராத்திரி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! சனிக்கிழமை ராத்திரி உங்கள் கட்டிலில் படுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே இடத்துக்குப் பஸ்ஸில் போய் இறங்குவது என்ன கணக்கு? தூரம் குறையும், அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த ஊரிலும் ஒரு ராத்திரி தங்கவில்லை, யார் கையாலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை, மாமல்லபுரமும் கல்பாக்கமும் கடப்பாக்கமும் உங்களுக்கு பஸ் ஸ்டாப்பாகவே இருந்துவிட்டன. இது கோபமாகத்தான் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கல்லூரியில் படித்தபோது பெரியம்மாவோடு இதே பாதையில் போயிருக்கிறேன். கடலூர் தாண்டி, சிதம்பரத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஊர், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுக்கை. பெரியம்மாவுக்கு இரண்டு பாதமும் கொப்புளம். எதிர்வீட்டு அம்மா ஒருத்தர், நெற்றி நிறையத் திருநீறு, ஒரு அண்டாவில் வெந்நீரில் கல்லுப்புப் போட்டுத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, நீ யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பெரியம்மாவின் காலைப் பிடித்து அதற்குள் வைத்தார். கிளம்பும்போதுதான் வாய் திறந்தார். துபாய் போன மகனிடமிருந்து பல மாதமாகத் தகவல் இல்லை, மாதாவிடம் அவன் பேரைச் சொல்லிவிடுங்கள் என்றார். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மறந்துவிடக் கூடாதென்று கொள்ளிடம் பாலத்தில், சீர்காழியில், காரைக்காலில் என்று போகிற வழியெல்லாம் அந்தப் பையன் பேரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தார். வேளாங்கண்ணியில் முழங்காலில் நின்றதும் முதலில் சொன்னது அந்தப் பேரைத்தான், தன் வேண்டுதல் அதற்கு அப்புறம்தான். ராத்திரி வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தால் இது நடந்திருக்குமா, சொல்லுங்கள்.

வழி நடப்பவனுக்கு ராத்திரி எவ்வளவு முக்கியம் என்று இந்த மண்ணில் ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ராணி மங்கம்மாள் சாலையோடு சத்திரமும் கட்டினார். தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் வைத்தார்கள், ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. இந்தச் சத்திரங்களில் கிழக்கிந்தியக் கம்பெனி கைவைத்துவிடக் கூடாதே என்ற கவலையில் 1801-ல் சரபோஜி மன்னர் கம்பெனியின் பிரதிநிதியான ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே என்னென்ன நடக்கும் என்று அதில் விவரமாக இருக்கிறது. எந்தச் சாதியானாலும் வருகிற வழிப்போக்கருக்குச் சோறு. நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிடுவார்கள். நடக்க முடியாமல் போனவர் குணமாகும்வரை தங்கலாம், மருந்து உண்டு. வழியில் பிரசவமானால் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வார்கள். போன சில வாரமாக எனக்கு இதே நினைப்பு, அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. நடுராத்திரி மணியை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. இன்றைக்கு ஈசிஆரில் கோவளம் தாண்டினால் ரிசார்ட் மதில்தான், நடந்து வருகிறவர் உட்கார ஒரு திண்ணை உண்டா? ஸ்பெயினில் பிரித்து நடக்கிறார்கள் என்றீர்களே, அந்த ஒரு வாரத்தில் ஒவ்வொரு நாளும் நடந்து முடித்த இடத்தில் அவர்களுக்கு ஒரு படுக்கை இருக்கிறது. பொது விடுதியென்றால் ஒரு ராத்திரிதான், உடம்பு சரியில்லாவிட்டால் கூடுதல் நாள். பழனிக்குக் குன்றக்குடியிலிருந்து காவடி கொண்டுபோகும் நகரத்தாருக்கும், மகாராஷ்டிரத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் போகும் வாரகரி பக்தர்களுக்கும் எந்த நாள் எந்த ஊரில் தங்கல் என்று முன்கூட்டியே தெரியும். நாம்தான் அதைக் கைவிட்டோம். ஊருக்கு ஊர் கல்யாண மண்டபம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, கோவில் இருக்கிறது, ராத்திரி ஆனால் எல்லாவற்றுக்கும் பூட்டு. வழியிலுள்ள சர்ச்சுகளின் பங்குப் பேரவையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், ஒரு தாழ்வாரத்தையாவது வருஷம் பூராவும் திறந்து வையுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டி காவி உடுத்தித் தேர் தள்ளிக்கொண்டு போகும் கூட்டத்துக்கு வழியெல்லாம் பந்தலும் மோரும் கிடைக்கும். மற்ற மாதங்களில் தனியாக நடக்கும் இந்தத் தம்பி மாதிரி ஆட்கள் எங்கே போவார்கள்?

சரி, நீங்கள் இனி இப்படிச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மரக்காணத்துக்கு பஸ் ஏறுங்கள். அங்குள்ள கோவிலில் சாமியாரைப் பார்த்து, நடைப்பயணம் வந்திருக்கிறேன், படுக்க இடம் வேண்டும் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள். சனிக்கிழமை ராத்திரியும் எங்கே நடை முடிகிறதோ அங்கேயே தங்குங்கள். ஞாயிறு சாயங்காலம் திரும்பினால் போதும். இருட்டில் மட்டும் அந்த ரோட்டில் நடக்காதீர்கள். பகலிலும் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வலது ஓரமாகவே போங்கள். வீட்டில் ஒருத்தர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். டாக்டர் சரியென்று சொன்னால் கடைசி நாளுக்கு மனைவியை அங்கே வரச் சொல்லுங்கள். அவர் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் கூடவே நடங்கள். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.