கனடாவிலிருந்து வரும் வெள்ளை ஓக் மேசை கல்லடியில் நின்றுபிடிக்குமா?

கனடாவிலிருந்து அண்ணன் வெள்ளை ஓக் சாப்பாட்டு மேசையொன்றை அனுப்பவிருப்பதாகவும், அது மட்டக்களப்பின் கல்லடிக் கடற்காற்றைத் தாங்குமா, அதே மரத்தை இறக்கி வாசற்கதவும் செய்விக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆரையம்பதியில் தளபாடப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் சொல்வதானால், மேசை தாராளமாக வரட்டும். கதவுக்கு நம் நாட்டு முதிரை மரமே போதும்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் வெள்ளை ஓக்கின் சிறப்பு அதன் வைரத்தில், அதாவது நடுவே முதிர்ந்து இறுகிய பகுதியில், இருக்கிறது. வேரிலிருந்து நீரை மேலேற்றிய நுண்குழாய்கள், மரம் வைரம் பாயும்போது, பக்கத்து உயிரணுக்களிலிருந்து புடைத்து வளரும் சவ்வுகளால் அடைபட்டுவிடுகின்றன. சிவப்பு ஓக்கில் இவ்வடைப்பு மிகக் குறைவு என்பதால், அதன் சிறு துண்டொன்றின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதினால் குமிழி கிளம்பும். வெள்ளை ஓக்கில் கிளம்பாது. விஸ்கிப் பீப்பாய்க்கும் மரக்கப்பலுக்கும் இதைத் தேடியதன் காரணம் அதுவே. 1797இல் பொஸ்டனில் நீரில் இறக்கப்பட்ட கொன்ஸ்ரிரியூஷன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் வெளிப்பலகைகள் வெள்ளை ஓக்தான். நம் நாட்டில் சாராயத்தை முதிரவைக்கும் பீப்பாய்களில் அந்த வேலையைச் சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சாவண்டலை செய்துவருகிறது.

உலர்ந்த வெள்ளை ஓக் கன மீற்றருக்கு ஏறத்தாழ 750 கிலோகிராம் இருக்கும். தேக்கைவிடப் பாரமும் கடினமும் கூடியது, முதிரையைவிட இரண்டிலும் குறைந்தது.

உங்கள் மேசைக்கு வரக்கூடிய தொல்லை இரண்டு. இம்மரத்தில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதியாக உள்ளதால், ஈரத்தோடு இரும்பு பட்டால், கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்ந்து மை கறுப்பதைப்போல, ஆணியைச் சுற்றி நீலக்கறுப்புக் கறை ஊறிவிடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் கல்லடியில் ஆணி கறல் பிடிக்க அதிக காலம் தேவையில்லை. ஆகவே பித்தளைத் திருகாணியோ கறல் பிடிக்காத உருக்குத் திருகாணியோ மட்டும் பூட்டுங்கள். கழுவிய இரும்புத் தோசைக்கல்லை ஈரத்தோடு அதன்மேல் வைக்காதீர்கள். கறை விழுந்துவிட்டால் ஒக்சாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும், கையுறை அவசியம்.

மற்றது, ஈரப்பதம். சூடேற்றிய வீடுகளுக்கென ஏறத்தாழ 8 வீத ஈரத்துக்கு உலர்த்திய பலகை, நமது மாரி மழையில் 14 வீதம் வரை ஈரம் குடித்தால், ஒரு மீற்றர் அகல மேசைப்பலகை ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அகலக்கூடும். வார்னிஷ் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டியிருந்தால் அது வெடிக்கும் அல்லது வளையும். மேசை வந்ததும் கவிழ்த்துப் பாருங்கள்: திருகாணி நிற்கும் துளை நீள்வட்டமாக இருந்தால் பலகை அசைய இடம் இருக்கிறது, வட்டமாக இருந்தால், மழை தொடங்குமுன் ஓடாவியைக் கூப்பிட்டு அகலவாக்கில் அராவுவியுங்கள்.

கதவைப் பொறுத்தவரை, இவ்வளவு கூலி கொடுத்துக் கப்பலில் இறக்கும் மரத்தின் வைரம் உக்காமல் நின்றாலும், அதைச் சூழ்ந்த வெளிப்பகுதியான வெளிறு விரைவில் உளுத்துவிடும். கறையானும் அதை விட்டுவைக்காது.