மெஷின் மாறினால் கையும் மாற வேண்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும், ஆம்பூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் ஒரே ஜாடையில்தான் இருக்கின்றன. வேலை மாறிவிட்டது, பயிற்சியும் கொடுத்தாகிவிட்டது, ஆனால் ஒன்றும் நகரவில்லை. இந்த முறை ஐந்து கேள்விகள்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன் சார். இத்தனை வருஷமும் லெதர்தான். இப்போது மெஷ் துணியில் ஸ்போர்ட்ஸ் ஷூ ஆர்டர். வெளியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் புரொஜெக்டர் போட்டு வகுப்பெடுத்தார். ரிவொர்க், அதாவது தப்பான பீஸைத் திரும்பச் சரிசெய்வது, குறையவே இல்லை. அதுவும் பழைய டெய்லர்களிடம்தான் அதிகம் வருகிறது. ஏன்?

பழைய டெய்லர்கள் என்பதால்தான். லெதரில் ஊசி இறங்கிய ஓட்டை அப்படியே நிற்கும், பிரித்து மறுபடி தைக்க முடியாது. அதனால் பீஸை இறுக்கிப் பிடித்து இழுத்துத் தைத்தே கை பழகியிருக்கும். மெஷ்ஷை அப்படி இழுத்தால் நீண்டுவிடும். இடது காலும் வலது காலும் ஜோடி சேராது. லெதருக்குப் போடுகிற வெட்டுமுனை ஊசி மெஷ்ஷில் இழையை அறுக்கும். ஸ்பீடு கூடினால் ஊசி சூடேறி சிந்தெடிக் நூல் உருகும். இதையெல்லாம் புரொஜெக்டரில் காட்டலாம். கைக்கு அது போய்ச் சேராது.

சில நாள் வகுப்பே வைக்காதீர்கள். ரிவொர்க் கூடையை மேஜையில் கொட்டி, தப்புகளை வகைவாரியாகப் பிரியுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வகைதான் கூடையை நிரப்பியிருக்கும். அதில் பெரியது எந்த ஆபரேஷனில் வருகிறதோ, அந்த ஒன்றை மட்டும் எடுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், புது ஆட்களை அவசரமாகத் தயார்செய்ய அமெரிக்கத் தொழிற்சாலைகள் கையாண்ட நாலு படி முறை இதற்கு இன்றைக்கும் போதும். முதலில் ஆளைத் தயார்செய்வது: இந்த வேலை தெரியுமா, எவ்வளவு தெரியும் என்று கேட்பது. அடுத்து, செய்து காட்டுவது. மூன்றாவது, அவரையே செய்யவிட்டு, எங்கே கவனம், ஏன் கவனம் என்று அவர் வாயால் சொல்லவைப்பது. கடைசியில் தனியாக விட்டு, அடிக்கடி போய்ப் பார்ப்பது. நம் பக்கம் மூன்றாவது படியைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். ‘புரிஞ்சுதா?’ என்றால் ‘புரிஞ்சுது சார்’ என்று பதில் வரும், அவ்வளவுதான். ‘மெஷ்ஷை ஏன் இழுக்கக் கூடாது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

சொல்லித்தருபவர் உங்கள் லைனிலேயே மெஷ் நன்றாகத் தைக்கிற பெண்ணாக இருக்கட்டும். வீட்டில் உருது பேசுகிறவருக்கு உருதிலேயே சொல்ல ஆள் இருந்தால் இன்னும் நல்லது. கூடவே புரொடக்‌ஷன் மேனேஜரிடம் பேசி, கற்றுக்கொள்கிற நாட்களில் டார்கெட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று விரட்டினால் பழைய கைதான் முந்திக்கொண்டு வரும்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஹெச்.ஆர். வேலை. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் கருத்துப் படிவம் வாங்குகிறோம், எல்லாரும் ‘மிக நன்று’ என்றே போடுகிறார்கள். எம்.டி. மட்டும் ‘என்ன லாபம்?’ என்கிறார்.

எம்.டி. கேட்பது நியாயம். மதிய சாப்பாடு நன்றாக இருந்தாலே ‘மிக நன்று’ விழுந்துவிடும். பயிற்சியின் பலனை அளப்பது பற்றி அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் எழுதியபோதே அளவுகோலை நாலாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, கம்பெனிக்குப் பலன் வந்ததா. நீங்கள் முதல் படியிலேயே நிற்கிறீர்கள். நாலாவதிலிருந்து தொடங்குங்கள். எந்த எண்ணிக்கை குறைய வேண்டும் என்பதைப் பயிற்சிக்கு முன்பே எம்.டி.யிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். அப்படி ஒரு எண்ணிக்கையை அவரால் சொல்ல முடியாவிட்டால், அந்தப் பயிற்சியே தேவையா என்று யோசிக்கலாம்.

எங்கள் யூனிட்டில் நிரந்தர ஆட்கள் 24 பேர், கான்ட்ராக்டில் 20 பேர். அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டுமா?

ஆம். கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துத்தான் கணக்கு. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 30 பேரும் அதற்கு மேலும் இருக்கிற நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். 2016-ல் வந்த தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிந்தால் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கும். ஆனால் வந்த பையனை டீ வாங்க அனுப்பினால் எந்தத் திட்டமும் உதவாது.

குடியாத்தத்தில் ஸ்டோர் கீப்பர், வயது 52. ரெஜிஸ்டரை நிறுத்திவிட்டு டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேருக்கு மாறச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் கம்ப்யூட்டர் மேல் இல்லை, தப்பாகத் தட்டிக் கணக்கு குழம்பிவிடுமோ என்பதுதான். அதனால் அசல் கணக்கில் கை வைக்காதீர்கள். டாலியில் பயிற்சிக்கென்று தனியாக ஒரு கம்பெனி உருவாக்கித் தரச் சொல்லி, போன மாத ரெஜிஸ்டரில் ஒரு பக்கத்தை எடுத்து அதில் ஏற்றிப் பாருங்கள். சரக்கு வரவு, இஷ்யூ, இருப்பு மூன்றும் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். புதிதாகக் கற்க வேண்டியது எந்தக் கீயை எப்போது தட்டுவது என்பது மட்டும்தான்.

ராணிப்பேட்டையில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு யூனிட்டில் வெல்டர், வயது 38. ஆர்டர் குறைந்துவிட்டது. பனப்பாக்கம் கார் தொழிற்சாலையில் முயற்சி செய்யலாமா?

2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் அங்கே அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. முயற்சி செய்யுங்கள், ஆனால் வெல்டிங்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கார் பாடியில் இருப்பது ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய மெல்லிய தகடு. ஸ்பாட் வெல்டிங் பெரும்பாலும் ரோபோ செய்கிறது. ஆளுக்கு வேலை அந்த ரோபோவையும், தகட்டைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சரையும் பராமரிப்பதிலும், குவாலிட்டி செக்கிங்கிலும்தான்.

உங்கள் கைக்கு இன்னும் பக்கமான வழி பைப் வெல்டிங். தோல் தொழிற்சாலைகளின் சுத்திகரிப்பு நிலையங்கள், மருந்துக் கம்பெனிகள், பால் பண்ணைகள் எல்லாமே பைப் லைனில்தான் ஓடுகின்றன. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் டிக் வெல்டிங், அதாவது ஆர்கான் வெல்டிங், பழகி, 6ஜி தேர்வு எழுதுங்கள். பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் மாட்டிவைத்து, சுற்றிவந்து வெல்ட் செய்யும் தேர்வு அது. திருச்சி வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி உண்டு.

ஒரு விஷயம் பல வெல்டர்களுக்குத் தெரிவதில்லை. பாய்லர் வேலைக்கான ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கம்) விதிப்படி, ஒரு வெல்டர் எந்த வெல்டிங் முறையில் தகுதி பெற்றாரோ அந்த முறையில் ஆறு மாதத்துக்கு மேல் வெல்ட் செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதியாகிவிடும். ஆர்டர் இல்லாமல் சும்மா இருக்கும் மாதங்களில் இது ஓசையில்லாமல் போய்விடும். இப்போதே குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் உங்கள் தகுதிச் சான்றின் நகலையும், கடைசியாக எந்த முறையில் எந்தத் தேதியில் வெல்ட் செய்தீர்கள் என்ற பதிவையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேலையை விட்ட பிறகு கேட்டால் யாரும் தேடித் தரமாட்டார்கள்.