தடவிப் பார்த்த மரம்: சித்திர டீச்சர் பதில்கள்

டீச்சர், எனக்கு வயது 36. ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பகுதியில் வேலை. பதினொரு வருஷமாகச் சனி, ஞாயிறுகளில் படம் வரைகிறேன். பனை, கிணற்றடி, கோயில் கோபுரம் இவைதான். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வாங்குவார்கள். ஆறு மாதமாக அதைத் தொடவே பிடிக்கவில்லை. வேலைக்குப் போகிற வழியில் ஒரு பெரிய மாரா மரம், தூங்குமூஞ்சி என்பார்களே அது, நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்று இரண்டு தடவை பஸ்ஸைத் தவறவிட்டேன். அதை வைத்து ஏதோ செய் என்று மனம் சொல்கிறது. என்ன செய்வது என்று சொல்லவில்லை. வீட்டில் 'விற்கிற படத்தை விட்டுவிட்டு இதென்ன கூத்து' என்கிறார்கள். மனம் சொல்வதை நம்பலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்த கையோடு கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு பழைய கோவையை இழுத்தெடுத்தேன். தூசி தும்மலாக வந்தது. உள்ளே என் பனைகள். நானும் உங்கள் கட்சிதான். 27 வருஷம் சித்திரம் படிப்பித்தேன், மிச்ச நேரத்தில் பனை வரைந்தேன். நிலவோடு பனை, நிலவில்லாமல் பனை. நிலவோடு என்றால் விலை கொஞ்சம் கூட.

'கலா பொல' தெரியும்தானே. 1993இல் தொடங்கிய திறந்தவெளிச் சித்திரச் சந்தை. கொழும்பு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை நடைபாதையில் படங்களை வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு, வருகிற போகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம். ஒரு வருஷம் ஒரு வயதான ஐயா என் இடத்தில் வந்து நின்றார். படங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற மரத்தின் அடியை ஐந்து நிமிஷம் தடவிக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தைக் கேளாதீர்கள். பின்னேரம் மிஞ்சிய பனைகளை ஓட்டோவில் ஏற்றும்போது, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு நானும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். பட்டை பாளம் பாளமாக வெடித்து, இடைவெளியில் விரல் நுனி போய் இறங்கியது. உள்ளே குளிர்ச்சி. 27 வருஷம் மரம் வரையப் படிப்பித்தவள் ஒரு மரத்தையும் அப்படித் தொட்டதில்லை.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. எட்டு மாதம். கை மட்டும் அங்கேயே இருந்தது.

2023 அக்டோபரில் கொள்ளுப்பிட்டி டுப்ளிகேஷன் வீதியில் மழை நேரம் பஸ் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் செத்தது ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு பஸ்ஸில் போகிற எல்லோரும் மேலே பார்க்கத் தொடங்கினோம். எங்கள் பக்கத்திலும் ஒருநாள் வாள் மெஷின் சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு மாராவின் பெரிய கிளையைத் துண்டு துண்டாக இறக்குகிறார்கள். நடுவில் கரும் கபிலம், சுற்றிவர வெளிறிய மஞ்சள். என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது, தேத்தண்ணிக்குக் காசு கொடுத்து, தட்டு மாதிரி ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி வாங்கி வந்தேன். வீட்டில் கேட்டார்கள், எதற்கு என்று. 'வயது எண்ணப் பார்க்கப்போகிறேன்' என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

எண்ண முடியவில்லை. குளிர்நாட்டு மரம் என்றால் குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுபோகும், வருஷத்துக்கு ஒரு வளையம் தெளிவாக விழும். கொழும்பில் மே தொடக்கம் ஒரு மழை, ஒக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை. மரம் எப்போது நின்று மூச்சு விடுவது? கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, சில இடத்தில் தடித்து, சில இடத்தில் காணாமலே போயின. இரண்டு பின்னேரம் பென்சில் நுனியை வைத்து எண்ணித் தோற்றேன். பல்கனியில் போட்டேன். மூன்றாம் வாரம் 'டப்' என்று ஒரு சத்தம். நடுவிலிருந்து விளிம்பு வரை வெடிப்பு. மரம் காயும்போது சுற்றுவாக்கில்தான் கூடச் சுருங்கும், அதனால் வெடிப்பு இப்படி வெளியே ஓடும் என்று தச்சுப் பாஸ் பிறகு சொன்னார். 'மிஸ், இது இனி விறகு' என்றும் சொன்னார்.

அந்த வெடிப்பைப் பார்த்த பிறகுதான் அதில் மை பூச வேண்டும் என்று வந்தது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

பாஸைக் கொண்டே சாண்ட் பேப்பர் போட்டு மட்டமாக்கினேன். கேஸ் டோர்ச்சால் மேற்பரப்பைக் கரியாக்கி, கம்பி பிரஷால் தேய்த்தேன். மென்மையான பாகம் கரியாகிக் கொட்டும், வைரமான பாகம் மேடாக நிற்கும். கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில் மிஞ்சிய கறுப்பு மை அரை டின். மெல்லிய கடதாசியை மேலே விரித்துக் கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். முதல் பதினான்கு தாளும் குப்பை. மை கூடி, வெறும் கறுப்பு வட்டமாக, தோசைக்கல் மாதிரி வந்தது. பதினைந்தாவதில் கோடுகள் எழும்பின. வாள் பல்லின் கீறல் வளைவு வளைவாக, ஒரு பூச்சி துளைத்த ஓட்டை வெள்ளைப் புள்ளியாக, வெடிப்பு ஒரு வெள்ளைக் கோடாக. அந்த வெள்ளைக் கோடு இல்லை என்றால் அந்தப் படம் செத்த படம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனம் சொல்வதை நம்பலாமா? எனக்கு அது ஒருநாளும் எதையும் விளக்கமாகச் சொன்னதில்லை. அடுத்த சின்ன வேலை ஒன்றை மட்டும் காட்டும்: தடவு, துண்டை வாங்கு, மையைப் பூசு. பனையில் சலிப்பு வந்தால் வேறு எங்காவது போ என்றுதான் தோன்றும், எங்கே என்று தோன்றாது. உங்களுக்கோ ஒரு மரம் இருக்கிறது, அதற்காகப் பஸ்ஸையும் விட்டிருக்கிறீர்கள். அது சலிப்பு இல்லை. நாளைக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய், பார்ப்பதை விட்டுவிட்டுக் கையை வையுங்கள். பின்னேரம் ஒருநாள் திரும்பி வந்து நில்லுங்கள், இலை மடிகிற நேரம். தூங்குமூஞ்சி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! மடிந்ததும் மரம் பாதியாகிவிடும், கிளையெல்லாம் வெளியே வரும். எந்தப் பாதி உங்களை இழுக்கிறது என்று அங்கே தெரியலாம்.

வேலையை விடாதீர்கள். இதை மட்டும் அதட்டித்தான் சொல்வேன். பனையையும் அடியோடு விட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு பனை வரைந்து கனடாவுக்கு அனுப்பினால் மைக்கும் கடதாசிக்கும் காணும். நான் அப்படித்தான் செய்தேன். என் கடைசி நான்கு பனைகளில் அடிமரம் மட்டும் வித்தியாசமாக வந்திருக்கிறது. வாங்கினவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

மரப் பட்டையின் மேல் கடதாசி வைத்துத் தேய்த்து எடுக்கும் படத்துக்கு எந்தக் கடதாசி நல்லது? வெளியில் நின்று செய்தால் யாரும் ஏதும் கேட்பார்களா?
– வாசகர், தெஹிவளை

விலை கூடிய கடதாசி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். வெசாக் கூடு ஒட்டுகிற டிஷ்யூ கடதாசியில் வெள்ளை நிறம் புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும். பட்டம் கட்டுகிற கடதாசியும் சரி. மெழுகுப் பஸ்டலின் சுற்றுத் தாளை உரித்து, படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும், நுனியால் அல்ல. நூலால் மரத்தைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஆணி வேண்டாம். மழை விட்ட அன்றைக்குப் போகாதீர்கள், பட்டை ஈரத்தில் கடதாசி அப்பளம் போல் நமுத்துக் கிழியும். மரத்தில் முசுறு ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். நான் பார்க்கவில்லை, சட்டைக்குள் போய்விட்டது.

மாராவில் பட்டை ஆழம், படம் நன்றாக வரும். மருதில் அடி வழுவழுப்பு, ஒன்றும் வராது, ஏமாந்துபோவீர்கள். தென்னையில் ஓலை கழன்ற தழும்பு வளையம் வளையமாக விழும். இந்தத் தேய்ப்புக்கு ஐரோப்பாவில் பெயர் எடுத்துக் கொடுத்தவர் மாக்ஸ் எர்ன்ஸ்ட். 1925இல் ஒரு கடற்கரை விடுதியில் தங்கியிருந்தபோது தேய்ந்துபோன தரைப் பலகையே அவர் கண்ணை விடாமல் பிடித்துக்கொண்டதாம். கடதாசியைப் போட்டுப் பென்சில் கரியால் தேய்த்தார். அதிலிருந்து காடும் பறவையும் வந்தன. விடுதிக்காரருக்கு அது வெறும் பழைய பலகை.

கேட்பார்கள். விகாரமகாதேவிப் பூங்காவில் ஒரு காவலாளி வந்து 'மொக்கத கரன்னே?' என்றார், என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில். சண்டைக் காலத்தில் கொப்பியும் பென்சிலுமாக ரோட்டில் நின்று விசாரணைக்குப் பதில் சொன்னவள் நான். அந்தப் பழைய நடுக்கம் ஒரு கணம் வந்துவிட்டது, மறைக்க மாட்டேன். தேய்த்த தாளைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதை மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு தன் தொப்பி இலச்சினையை இதேபோல் எடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன். அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

பெரிய ஓவியர்கள் இப்படித் தெரியாமலே போய்ப் புது வேலைக்கு வந்திருக்கிறார்களா?
– உயர்தர மாணவன், வத்தளை

தம்பி, மொந்திரியானை நூலகத்தில் தேடிப் பார். சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டம் போட்டவர் என்றுதான் பாடத்தில் வரும். அதற்கு முன்னால் அவர் விடாமல் வரைந்தது மரம். 1908இல் தொடங்கிய சிவப்பு மரத்தில் மரம் மரமாகத்தான் நிற்கிறது. 1911இல் சாம்பல் மரம், கிளை எது, வெளி எது என்று பிரிக்க முடியாது. 1912இல் பூத்த அப்பிள் மரம், அதில் வளைகோடு மட்டும் மிச்சம். கட்டங்கள் வந்து நிலைத்தது 1920க்குப் பிறகு. 1908இல் அவரிடம் 'இது எங்கே போய் முடியும்' என்று கேட்டிருந்தால் திருதிரு என்று முழித்திருப்பார். பரீட்சைக்கு இப்படி எழுதிவிடாதே. அப்புறம், எனக்குக் கட்டங்களைவிடச் சாம்பல் மரம்தான் பிடிக்கும்.

என் மகள் (வயது 7) மரம் வரைந்தால் அடியைச் சாம்பலும் வெள்ளையுமாகத் தீட்டுகிறாள். கபிலம் அடி என்று வகுப்பில் திருத்தினார்கள். எது சரி?
– தாய், பம்பலப்பிட்டி

பிள்ளை எந்த மரத்தைப் பார்த்தாள் என்று கேட்டீர்களா? மருது என்றால் அவள்தான் சரி. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். கபிலம் அடி, பச்சை உருண்டை என்று ஆயிரம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்களில் நானும் ஒருத்தி. மெரின் டிரைவ் பக்கம் கொட்டங்காய் மரம் இலை உதிர்க்க முன்னால் சிவந்து நிற்கும், அப்போது என்ன சொல்வது? திருத்தியவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கும் நாற்பது கொப்பி இருக்கும்.

உங்கள் மர அச்சுகளை எங்கே பார்க்கலாம்? கண்காட்சி வைப்பீர்களா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

இப்போதைக்குக் கட்டிலுக்கு அடியில், பனைகளுக்குப் பக்கத்தில். 41 தாள் தேறியிருக்கிறது. கண்காட்சிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், இரண்டு பந்தியில் விளக்கம் எழுத வேண்டும் என்கிறார்கள். அந்த இரண்டு பந்தி எனக்கு வரவில்லை. போன மாதம் இன்னொரு துண்டு கிடைத்தது, பலா. பல்கனியில் நிழலில் வைத்திருக்கிறேன். பாஸ் வந்து பார்த்து, வெடிக்காமல் இருக்க ஓரத்துக்கு மெழுகு பூசச் சொன்னார். மெழுகை வாங்கிவிட்டேன். இன்னும் பூசவில்லை.