பாடசாலையில் சங்கீத பாடம் எடுத்தால் வயலின் வாசிக்கப் பழகிவிடலாமா?

ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: தரம் 6க்குச் செல்லும் மகள் சங்கீதத்தைத் தெரிவுசெய்தால் பாடசாலையிலேயே வயலின் பழகிவிடுவாளா, அல்லது இப்போதே ஒரு வயலினை வாங்கிக் கொடுத்து வெளி வகுப்புக்கு அனுப்ப வேண்டுமா? நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலம் சங்கீத ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

சங்கீத பாடம் வேறு, வாத்தியப் பயிற்சி வேறு. நான் கற்பித்த காலத்தில் தரம் 6 முதல் 9 வரை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் ஒன்றைப் பிள்ளை அழகியல் பாடமாக எடுக்க வேண்டும். விரும்பினால் அதையே சாதாரண தரப் பரீட்சை வரை தொடரலாம், அங்கே எழுத்துத் தாளோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. ஏட்டில் இப்படி இருந்தாலும், சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளைகள் எல்லோரும் சித்திரத்துக்கே போவார்கள் என்பதால், ஆசிரியர் இருக்கிறாரா என்பதை முதலில் விசாரியுங்கள். ஆசிரியர் இருந்தாலும், நாற்பது பிள்ளைகளையும் ஒரு சுருதிப்பெட்டியையும் வைத்துக்கொண்டு வாய்ப்பாட்டைத்தான் கற்பிக்க முடியும். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். வீணையில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுக் கட்டைகள் இருப்பதுபோல வயலினில் கிடையாது. விரல் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சியை மூன்று காலங்களிலும், அதாவது மூன்று வேகங்களிலும், தாளம் தவறாமல் பாடிய பிள்ளைக்கே அந்தக் காது வாய்க்கிறது.

எங்கள் பாடசாலையில் நான்கு வயலின்கள் இருந்தன. அலுமாரிச் சாவி அலுவலகத்தில் இருக்கும். தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கும்போது மட்டும் அவை வெளியே வரும். இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம். நான் மன்றாடி, ஒரு மாணவி ஒரு வயலினை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி வாங்கினேன். பனியில் படாமல் வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், தம்பிமாரின் கைக்கு எட்டாத இடம், அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரண் ஒன்றுதான். இரண்டு கிழமையில் சூட்டில் பசை இளகி, மேற்பலகை ஓரமாகப் பிரிந்து, வாய் பிளந்த நிலையில் வயலின் திரும்பி வந்தது. பிள்ளை அழுதாள். பிழை என்னுடையது, அவள் வீட்டில் அதை வைக்க வேறு இடம் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை.

மிருதங்கத்தின் கதை வேறு. மழை மாதங்களில் தோல் ஈரத்தை வாங்கிச் சுருதி இறங்கிவிடும். நான் கல்லும் கட்டையுமாக வாரை இறுக்கிக்கொண்டிருப்பேன். ஒருநாள் கடைசி வரிசைப் பையன் ஒருவன், “மிஸ், கொஞ்ச நேரம் வெயில்ல வைங்க, ஏறிரும்” என்றான். அவனுடைய தகப்பன் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக்குத் தப்பு என்னும் பறையை அடிப்பவர்; அடிக்கும் முன் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவன். மிருதங்கத்தை நெருப்பில் காட்டக் கூடாது, தோலின் நடுவிலுள்ள கரணை என்ற கரும் பூச்சு வெடித்துவிடும் என்பதையும் அவனே ஊகித்திருந்தான். வீட்டில் தப்பு இருப்பதை அதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டிலும் ஊரிலும் கேட்டுப் பழகுவதும் பாடம்தான்; ஆகவே உங்கள் தோட்டத்துக் கோயிலில் மார்கழிப் பஜனை நடந்தால் மகளை அனுப்புங்கள். ஆர்மோனியமும் டோல்கியும் ஜால்ராவும் அருகிலிருந்து கேட்கும் பிள்ளைக்குத் தாளம் தானாக வரும்.

வெளி வகுப்பைப் பற்றி: வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்பவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள், அது நல்ல வழிதான். ஆனால் ஆசிரியர் நிலைத்திருப்பாரா என்று பாருங்கள். என் காலத்தில் வந்த சங்கீத ஆசிரியர்கள் பலர் யாழ்ப்பாணத்தையோ மட்டக்களப்பையோ சேர்ந்தவர்கள். இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுவார்கள். அவர்கள்மீது குறை சொல்ல மாட்டேன், ஆனாலும் பாதியில் ஆசிரியர் மாறினால் வில் பிடிக்கும் முறையே மாறிவிடுகிறது.

ஓராண்டு பாடிய பிறகும் ஆசை குறையாவிட்டால் வாங்குங்கள். 11 வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் முக்கால் அளவு வயலின் போதும். சம்மணமிட்டு, சுருள்முனையைக் கணுக்காலில் சாய்த்துப் பிடிக்கவைத்து, கை நோகாமல் எட்டுகிறதா என்று ஆசிரியர் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். அதுவரை பாடசாலை வயலினிலேயே பழக இடம் கேளுங்கள். அந்த உடைந்த வயலினுக்குப் பிறகு நானும் அப்படித்தான் செய்தேன்: அலுமாரிச் சாவியை என் பொறுப்பில் எழுதி வாங்கி, முதல் மணி அடிக்க அரை மணி நேரம் முன்னதாகச் சங்கீத அறையைத் திறந்து வைத்தேன். மலைச்சரிவில் நடந்து வந்த பிள்ளைகள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வில்லை எடுப்பார்கள்.