டி750-ஐ இப்போதே விற்றுவிடலாமா? காங்கேயம் ஸ்டூடியோக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: காங்கேயத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் எடுக்கிறோம். இரண்டு நிக்கான் டி750, ஒரு டி7200 இருக்கிறது. லென்ஸ் 24-70, 70-200, 85, அப்புறம் பழைய 50 எம்.எம். 'டி' லென்ஸ் ஒன்று. ஈரோட்டில் ஒரு கடைக்காரர், "கேமரா யாவாரமே படுத்துப் போச்சுங்க, கம்பெனியெல்லாம் மூடற நெலமைல இருக்குது, இருக்கறதைக் குடுத்துட்டு மொத்தமா மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கங்க" என்கிறார். நெசமுங்களா? மாறுவதென்றால் ஐந்தாறு லட்சம் கடன் வாங்க வேண்டி வரும்.

பதில்: கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி பழைய செய்தி. மறு பாதி அவருடைய வியாபாரம்.

2010-இல் ஜப்பானிய நிறுவனங்கள் உலகம் முழுக்க அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2024-இல் சுமார் 85 லட்சம். கேட்டால் தலை சுற்றும். ஆனால் அந்த 12 கோடியில் கிட்டத்தட்ட 11 கோடி, லென்ஸ் மாற்ற முடியாத பாக்கெட் கேமராக்கள். பழனிக்கும் ஊட்டிக்கும் பையில் போட்டுக்கொண்டு போனோமே, அதுதான். அந்த வேலையைச் செல்போன் எடுத்துக்கொண்டது. உங்களிடம் இருப்பது போன்ற, லென்ஸ் மாற்றுகிற கேமராக்கள் 2012-இல் சுமார் 2 கோடி, 2024-இல் சுமார் 66 லட்சம். அடி பலமான அடிதான், ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு நிற்கிறது. அதிலும் உங்கள் டி750 மாதிரி உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். ஏறத்தாழ 10 லட்சம், மிச்சமெல்லாம் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்.

இவ்வளவு சுருங்கியும் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? குறைவாகச் செய்து, விலை கூடியதாக விற்கிறார்கள். 2020-க்கும் 2024-க்கும் இடையில் எண்ணிக்கை ஏறவில்லை, ஆனால் அனுப்பிய சரக்கின் மதிப்பு யென் கணக்கில் ஏறத்தாழ இரட்டிப்பானது. யென் சரிந்ததும் இதற்கு ஒரு காரணம். திருப்பூரில் மலிவு பனியனில் லாபம் நிற்காதபோது, பீஸ் எண்ணிக்கையைக் குறைத்து விலை கூடிய ஆர்டருக்குப் போவார்களே, அதே கணக்கு. கூடவே செலவைக் குறைத்தார்கள். நிக்கான், ஜப்பானின் செண்டாய் ஆலையில் செய்துவந்த பாடிகளை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, தாய்லாந்துக்கு மாற்றியது. வேறு வருமானமும் தேடினார்கள்: கேனான் 2016-இல் தோஷிபாவின் மருத்துவக் கருவிப் பிரிவை வாங்கியது. நிக்கான் 2024-இல் ரெட் என்ற சினிமா கேமரா நிறுவனத்தை வாங்கியது. சோனியின் கதைதான் வேடிக்கை: பாக்கெட் கேமராவைச் சாகடித்த செல்போன்களுக்கே சென்சார் விற்றுச் சம்பாதிக்கிறது.

ஆகவே கம்பெனி மூடிவிடும் என்ற பயத்தை விடுங்கள். உங்கள் காசுக்கு ஆபத்து லென்ஸ் மவுண்டில், அதாவது லென்ஸைப் பாடியில் மாட்டுகிற வளையத்தில் இருக்கிறது.

ஒலிம்பஸ் தன் கேமரா பிரிவையே விற்றுவிட்டது. 2021 ஜனவரியில் அது ஓ.எம். டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற வேறு நிறுவனமானது. ஆனால் மவுண்ட் தொடர்ந்தது, பழைய லென்ஸை வைத்திருந்தவர்கள் புதுப் பாடியில் மாட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சோனியிலோ நேர் எதிர். கம்பெனி கொழிக்கிறது, ஆனால் மினோல்டா காலத்திலிருந்து வந்த ஏ-மவுண்ட் கேமராக்களை 2021-இல் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டது. கேனான் 2012-இல் கொண்டுவந்த எம் மவுண்டையும், நிக்கான் 2011-இல் கொண்டுவந்த நிக்கான் 1-ஐயும் கைவிட்டார்கள். சாம்சங் பணத்துக்குக் குறைந்த கம்பெனியா? கேமராவை விட்டே போய்விட்டது.

உங்கள் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது. நிக்கான் 2018-இல் இசட் மவுண்டைத் தொடங்கிவிட்டது. 2020 தொடக்கத்தில் அறிவித்த டி780, டி6 இரண்டுக்கும் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர். வரவில்லை. 2022 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் பத்திரிகை, நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். உருவாக்கத்தை நிறுத்துகிறது என்று எழுதியபோது, உற்பத்தியும் விற்பனையும் சர்வீசும் தொடர்கின்றன என்று நிக்கான் சொன்னது. புது மாடல் வரும் என்று சொல்லவில்லை. அதைக் கவனிக்க வேண்டும். கடை சாத்தப் போகிறதென்று அர்த்தமில்லை, இருக்கிற மாடல்களையே விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நிக்கானுக்கும் கேனானுக்கும் உங்கள் பழைய லென்ஸை ஒரே நாளில் வேலைக்காகாமல் செய்துவிட ஆசை இல்லை. செய்தால் நீங்கள் சோனிக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் பழைய லென்ஸைப் புது மவுண்டில் மாட்ட அடாப்டர் தருகிறார்கள். நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் உங்கள் 24-70, 70-200, 85 மூன்றிலும் 'ஏ.எஃப்-எஸ்' என்று எழுதியிருந்தால், இசட் பாடியில் ஆட்டோஃபோகசோடு ஓடும். 50 'டி' ஓடாது. லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள்: உலோக வளையத்தின் ஓரத்தில், திருப்புளி நுழைகிற மாதிரி பிளவு போட்ட சின்னத் தண்டு ஒன்று இருக்கும். டி750-க்குள் இருக்கும் மோட்டார் அந்தத் தண்டைத் திருகித்தான் ஃபோகஸ் செய்கிறது. அடாப்டரில் மோட்டார் இல்லை, கையால் திருகி எடுக்கலாம், அவ்வளவுதான். வேறு கம்பெனி லென்ஸ் இருந்தால் அதையும் அடாப்டரில் மாட்டிப் பார்க்காமல் பாடிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஒரே ஒரு இசட் பாடியும் அடாப்டரும். லென்ஸ் இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். இதைச் சொன்னால் கடைக்காரருக்குப் பிடிக்காது, லாபமே லென்ஸில்தான். கல்யாண வேலைக்கு இரண்டு கார்டு ஸ்லாட் கட்டாயம், அதனால் முதல் தலைமுறை இசட்6-ஐத் தவிர்த்து இரண்டாம் தலைமுறையான இசட்6 II-ஐப் பாருங்கள், செகண்ட்ஸில் கிடைத்தாலும் சரி. இணைச்சீர்ச் சடங்கு நடக்கும்போது மேடையில் பத்துப் பேர் குறுக்கே நிற்பார்கள். அந்த இடுக்கில் கண்ணைப் பிடித்துக்கொண்டு ஃபோகஸ் நிற்பதையும், வீடியோவில் ஃபோகஸ் அலையாமல் இருப்பதையும் நீங்களே பார்ப்பீர்கள். டி750-இன் வீடியோ ஃபோகஸ் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டு தொந்தரவுகளையும் சொல்லிவிடுகிறேன். சைலண்ட் ஷட்டரில் எடுத்தால், மண்டப மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்.இ.டி. திரையும் சீரியல் விளக்கும் படத்தில் பட்டை பட்டையாக விழும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டரையே வையுங்கள். இன்னொன்று, டி750-இல் ஒரு பேட்டரி ஓடுவதில் மூன்றில் ஒரு பங்குதான் இதில் ஓடும். நல்ல வேளையாக உங்கள் பழைய இ.என்-இ.எல்.15 பேட்டரி இதிலும் சேரும்.

விற்பதென்றால் டி7200-ஐ முதலில் விடுங்கள், விலை இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு டி750-இல் ஷட்டர் கவுண்ட் (இதுவரை தட்டிய எண்ணிக்கை) குறைந்ததை பேக்கப்பாக வைத்துக்கொள்ளுங்கள், 50 'டி' அதிலேயே கிடக்கட்டும். அந்த மாடலின் ஷட்டரை நிக்கான் சோதித்தது ஒன்றரை லட்சம் தட்டலுக்கு. நெருங்கிவிட்டது என்றால் இப்போதே சர்வீசுக்குக் கொடுத்து மாற்றிவிடுங்கள். 2014-இல் வந்த மாடல், நிறுத்திய பாடிக்குக் காலாகாலத்துக்கும் பாகம் வைத்திருக்க மாட்டார்கள்.

ஐந்தாறு லட்சம் கடன் தேவையில்லை. புதுப் பாடி தன் தவணையைத் தானே கட்டட்டும், அதற்குப் பிறகு இசட் 24-70. அதையும் ஆல்பத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்று வாடகைக்கு எடுத்து ஒரு முகூர்த்தம் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆடியில் பாடியை வாங்கினால், கைக்குப் பழகி ஆவணி முகூர்த்தத்துக்கு மேடை ஏற்றலாம். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் பில்லோடு வாங்குங்கள், வரி கழியும். பில் இல்லாமல் சிங்கப்பூர், துபாய் வழியாக வருகிற பாடி விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் இங்கே சர்வீஸ் சென்டரில் வாரண்டி கேட்க முடியாது.